ஜப்பானியக் கலை: ஒரு நூற்றாண்டு – பகுதி 11: எறிந்தவர்களும் எடுத்தவர்களும்

1962 டிசம்பரில் டோக்கியோ மாநகரக் கலை அருங்காட்சியகம் தன் கூடங்களுக்கு ஒரு விதிப்பட்டியல் போட்டது. பெருஞ்சத்தமோ காதுக்கு ஒவ்வாத ஓசையோ எழுப்பும் படைப்புகளை வைக்கக் கூடாது. நாற்றம் வீசுகிற, அழுகிப்போகிற பொருள்களால் ஆனவை கூடாது. கத்தி போல ஆளைக் காயப்படுத்தக்கூடியவை கூடாது. பார்ப்பவருக்கு அருவருப்பூட்டி, பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு செய்பவை கூடாது. மணலையோ ஜல்லியையோ தரையில் நேரடியாகக் கொட்டக் கூடாது. எதையும் கூரையிலிருந்து நேராகத் தொங்கவிடக் கூடாது. ஆண்டுதோறும் அங்கே நடந்த யொமியுரி சுயேச்சைக் கண்காட்சியைக் கட்டுப்படுத்தவே இந்த விதிகள் எழுதப்பட்டன. 1949இல் யொமியுரி நாளிதழ் தொடங்கிய அந்தக் கண்காட்சிக்குத் தேர்வுக் குழு கிடையாது. யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கலாம். 1950களின் இறுதியிலிருந்து இளைஞர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு டயர் ட்யூப்பையும் கயிற்றையும் சமையலறைச் சாமான்களையும் அள்ளிவரத் தொடங்கியிருந்தார்கள். விதிகள் வந்த மறு ஆண்டு நடந்த பதினைந்தாவது கண்காட்சியே கடைசியாயிற்று. 1964இல் நாளிதழ் அதை நிறுத்திவிட்டது.

அதற்கு 62 ஆண்டுகள் கழித்து, 2024 வெனிஸ் பியனாலேயின் ஜப்பான் அரங்கில் மோரி யூகோவின் படைப்பு இருந்தது. பழங்களில் மின்முனைகளைச் செருகியிருந்தார். பழம் வாடி அழுக அழுக அதன் ஈரப்பதம் மாறும். அந்த மாற்றம் ஒலியாகவும் விளக்கின் வெளிச்சமாகவும் வெளிப்படும். அக்கம்பக்கத்துக் கடைகளில் திரட்டிய வீட்டுச் சாமான்களும் ரப்பர்க் குழாய்களும் வாளிகளும் சேர்ந்து, ஒழுகும் நீரை இங்கே பிடித்து அங்கே விட்டுக்கொண்டிருந்தன. அழுகல், ஓசை, ஈரம், அந்தரத்தில் தொங்கும் பொருள்: 1962ஆம் ஆண்டுப் பட்டியல் விலக்கிவைத்தவற்றில் பெரும்பகுதி இப்போது நாட்டின் சார்பிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டிருந்தது. அனுப்பியது ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் அறக்கட்டளை.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. கலையுலகம் காலப்போக்கில் தாராளமாகிவிட்டது, எல்லா நாட்டிலும் இதுதானே கதை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த விடை தவறில்லை; ஆனால் அது நம்மை வெகுதூரம் அழைத்துப்போகாது. கண்டெடுத்த பொருளைக் கொண்டு செய்த ஜப்பானியக் கலையை வரிசையாக வைத்துப் பார்த்தால், பத்தாண்டுக்கு ஒருமுறை பொருள்களின் இனமே மாறிப்போவது கண்ணில் படும். முதலில் உரிமையாளர் முகமே தெரியாத மலிவுச் சரக்கு. பிறகு கல், மண், எண்ணெய். அதன்பின் கதவில்லாத படிக்கட்டு, ஆளில்லாத வீடு, சேற்றில் புரண்ட புகைப்படம், சாவி. இந்த மாற்றம் கலைஞர்களின் ரசனையிலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது. அந்த நாடு எதை எறிந்தது, எதை இழந்தது, எறிவதற்கும் இழப்பதற்கும் நடுவே யார் நின்றார்கள் என்பதைப் பின்தொடர்ந்தே அது நடந்தது. ஆகவே இந்தக் கலையை ஜப்பானின் என்றும் மாறாத அழகுணர்வுக்குச் சான்றாகப் படிப்பதைவிட, ஜப்பானின் குப்பை வரலாறாகப் படிப்பதே பொருந்தும் என்கிறேன். 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பின் மாவோ என்ற கலைக் குழுவினரும் கொன் வாஜிரோவும் இடிபாடுகளுக்கு நடுவே தகரக் கொட்டகைகளுக்கு வண்ணம் தீட்டியதை முன்பே பார்த்தோம். அங்கே தொடங்கிய இழை இது.

1960களின் தொடக்கத்துக்கு வருவோம். தகமட்சு ஜிரோ, அகசெகவா கென்பெய், நகனிஷி நட்சுயுகி மூவரும் சேர்ந்து 1963இல் ஹை ரெட் சென்டர் என்ற குழுவை அமைத்தார்கள். கடைசி யொமியுரி கண்காட்சியில் தகமட்சு வைத்தது ஒரு கயிறு. அது அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறி உயெனோ ரயில் நிலையத்தை நோக்கி நீண்டது. நகனிஷி துணிக் கிளிப்புகளைக் கூட்டங்கூட்டமாகத் துணிப்பரப்பில் கவ்வவிட்டார். பின்னர் தன் முகம் முழுக்கவும் கவ்வவிட்டுக்கொண்டு நின்றார். அகசெகவா அதற்குமுன் டயர் ட்யூப்புகளை அறுத்துத் தைத்து ஒரு பெரிய சதைப் பரப்பைப் போலாக்கியிருந்தார். இந்தப் பொருள்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எவையும் பழையவையாக இருந்தாக வேண்டியதில்லை. யாருடைய நினைவும் அவற்றில் ஒட்டியிருக்கவில்லை. போருக்குப் பின் வருமானம் கூடிக்கொண்டிருந்த ஒரு நகரத்தில் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் கக்கிய சரக்கு அது. ஒரு கிளிப்புக்கும் அடுத்த கிளிப்புக்கும் வேறுபாடு இல்லை என்பதே நகனிஷிக்கு வேண்டியிருந்தது. பயனிலிருந்து கழன்ற சரக்கு மனித உடலின் மேல் எறும்புபோல ஏறுவதைக் காட்ட, யாருக்கும் சொந்தமில்லாத பொருள்தான் உதவும்.

1964 அக்டோபர் 10இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கியது. விருந்தாளிகள் வருமுன் தலைநகரைத் துப்புரவாக்கும் இயக்கத்தை அரசு ஏற்கெனவே முடுக்கிவிட்டிருந்தது. போட்டிகள் நடந்துகொண்டிருக்கையில், 16ஆம் தேதி, ஹை ரெட் சென்டர் குழுவினர் ஆய்வக உதவியாளரைப் போல வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து கின்சாவின் நடைபாதையைத் துடைக்க இறங்கினார்கள். தரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். நகரத் துப்புரவு இயக்கத்தின் பெயரைப் போன்றே ஒரு நீண்ட பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தார்கள். அரசு கேட்டுக்கொண்டதையே அவர்கள் செய்தார்கள். யாரும் செய்யாத அளவுக்கு முழுமையாகச் செய்தார்கள். யொமியுரி கண்காட்சியிலிருந்து விரட்டப்பட்ட குப்பைக் கலைஞர்கள் நகரத்தின் மிகப் பகட்டான தெருவில் குப்பையே இல்லாத ஒரு படைப்பைச் செய்து காட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எது அழுக்கு என்று வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையே அவர்கள் தொட்டார்கள். அந்த அதிகாரம் விரைவிலேயே நீதிமன்ற வடிவில் அவர்களிடம் திரும்பி வந்தது. 1963 தொடக்கத்தில் அகசெகவா ஆயிரம் யென் நோட்டின் ஒரு பக்கத்தை ஒரே நிறத்தில் அச்சிட்டு, மறுபக்கத்தில் தன் கண்காட்சி அழைப்பைப் போட்டு நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார். அதே அச்சுத் தாளால் பொருள்களைச் சுற்றிக் கட்டியும் வைத்தார். 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், நாணயத்தைப் போலச் செய்ததாக அவர்மேல் வழக்குப் பதிவாயிற்று. 1966 ஆகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது, இது கலை என்று நிறுவ அகசெகவாவின் தரப்பினர் கயிற்றையும் கிளிப்பையும் சுற்றிக்கட்டிய பொருள்களையும் சாட்சியப் பொருள்களாக அங்கேயே கொண்டுவந்தார்கள். விமர்சகர்கள் தகிகுச்சி ஷூசோவும் நகஹாரா யூசுகேயும் அவர் சார்பில் சிறப்பு வழக்காடுநர்களாக நின்றார்கள். யொமியுரி கண்காட்சி மூடப்பட்ட பிறகு அந்தக் கலைக்குக் கிடைத்த மிகப் பெரிய கண்காட்சிக்கூடம் ஒரு நீதிமன்ற அறை. 1967இல் மூன்று மாதச் சிறை என்று தீர்ப்பு வந்து நிறுத்திவைக்கப்பட்டது. 1970இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்த ஆண்டுகளில் நகரம் தன் உண்மையான குப்பையை எங்கே கொட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். டோக்கியோ விரிகுடாவில் யுமெனோஷிமா என்ற நிரப்புத் தீவில் 1957 முதல் 1967 வரை கொட்டினார்கள். 1965 கோடையில் அங்கிருந்து கிளம்பிய ஈக்கூட்டம் கோதோ வார்டு மக்களை வாட்டியெடுத்தது. பின்னர், தன் குப்பையைத் தன் எல்லைக்குள் எரிக்க மறுத்த சுகினாமி வார்டின் லாரிகளைக் கோதோ மக்கள் மறித்தார்கள். ஆளுநர் மினொபே ரியோகிச்சி 1971இலேயே இந்தத் தகராறைக் குப்பைப் போர் என்று அறிவித்திருந்தார். இதே யுமெனோஷிமாவில்தான், 1954 பிகினி ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பலில் நனைந்த மீன்பிடிக் கப்பல் ஐந்தாம் ஃபுகுரியூ மாரு கைவிடப்பட்டுக் கிடந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் இளம் தொழிலாளி 1968இல் நாளிதழுக்குக் கடிதம் எழுத, இயக்கம் பிறந்து, 1976இல் அந்த இடத்திலேயே காட்சியகம் அமைந்தது. அந்தப் பத்தாண்டில் கண்டெடுத்த பொருள்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது கலைஞர் எவரும் தொடாத இந்தக் கப்பல்தான். உரியவர்கள் இருந்த ஒரு பொருளை, அவர்களுக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது என்பதற்காகவே, குப்பையிலிருந்து மீட்பது என்ற செயல் முதலில் பொதுமக்களிடமிருந்து வந்தது. கலைஞர்கள் அந்த இடத்துக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

இடையில் மோனோ-ஹா என்ற கலைப்போக்கு வந்தது. 1968 அக்டோபரில் கோபேயின் சுமா ரிக்யூ பூங்காவில் செகினே நொபுவோ 2.7 மீட்டர் ஆழமும் 2.2 மீட்டர் குறுக்களவும் கொண்ட குழியைத் தோண்டி, எடுத்த மண்ணை அதே அளவு உருளையாகப் பக்கத்தில் நிறுத்தினார். கண்காட்சி முடிந்ததும் மண் குழிக்கே திரும்பியது. லீ ஊஃபான் கண்ணாடிமேல் கல்லை இறக்கி உடைய விட்டார். சுகா கிஷியோ 1970இல் கியோட்டோ அருங்காட்சியகத்தின் ஜன்னலைத் திறந்து கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது குப்பைக் கதைக்கு வெளியே நிற்கிறது. கல்லும் மண்ணும் யாரும் எறிந்தவை இல்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். மாணவர் போராட்டத்தில் கலைக் கல்லூரிகள் முடங்கியிருந்தன. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காகப் புதுமைக் கலைஞர்கள் பலரை அரசும் நிறுவனங்களும் ஈர்த்துக்கொண்டிருந்தன. புதிது புதிதாகச் செய்து குவிப்பதே முன்னேற்றம் என்ற அந்த நேரத்தில், எதையும் புதிதாகச் செய்யாமல், இருப்பதை எடுத்து நகர்த்தி வைத்துவிட்டு, முடிந்ததும் கலைத்துவிட்டுப் போனவர்கள் இவர்கள். சரக்குக்கு எதிர்வினையாகவே அவர்களுடைய மௌனத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். எளிய பொருளை எடுத்து வேறொன்றாகப் பார்ப்பது தேநீர்க் கலையிலேயே இருக்கிறது; பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ மீனவர் கூடையைப் பூச்சாடியாக்கினார்; கொரியச் சாதாரணக் கிண்ணங்கள் தேநீர்க் கிண்ணங்களில் தலைசிறந்தவை ஆயின; எதையும் வீணாக்காத பண்பு அந்த மண்ணிலேயே ஊறியது; இன்றைய கலைஞர்கள் அதன் வாரிசுகளே என்பார்கள். இது வலுவான வாதம். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன அச்சுத் துணியின் துணுக்குகள்கூட அங்கே தேநீர்ச் சிமிழ்களுக்கு உறையாகிப் பொத்திப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தால் அந்தக் கண்ணின் கூர்மை விளங்கும். ஆனாலும் தேநீர்க் கலையில் எளிய பொருள் எளியதாகவே தங்குவதில்லை. அதற்குப் பெயர் சூட்டப்படும், பெட்டி செய்யப்படும், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வழிவழியாகக் குறிக்கப்படும். 1594இல் லூசோனிலிருந்து வந்த சாதாரணச் சாடிகளை ஆட்சியாளர் ஹிதேயோஷி ஒசாகாக் கோட்டையில் பிரபுக்களுக்குப் பெருவிலைக்கு விற்றார். கண்ணுள்ள ஒருவர் கைதொட, பொருள் உயர்ந்துவிடுகிறது. நகனிஷியின் கிளிப்போ செகினேயின் மண்ணோ அப்படி உயர மறுக்கிறது. ஒன்று மீண்டும் கிளிப்பாகிவிடும், மற்றது மீண்டும் தரையாகிவிடும். லீ ஊஃபானையே எடுத்துக்கொண்டால், அவர் 1936இல் ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த கொரியாவில் பிறந்தவர். எழுதியபோது ஜப்பானியத் தத்துவ அறிஞர் நிஷிதாவோடு ஹைடெகரையும் மெர்லோ-பொன்ட்டியையும் துணைக்கழைத்தவர். அவரை ஜப்பானிய ஆன்மாவின் குரலாக்குவது அவர் வாழ்வுக்கே பொருந்தாது. வீணாக்காத பண்பு என்பதற்குக் குப்பைப் போரே போதுமான பதில். மரபு முற்றிலும் தொடர்பற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரு சாதாரணப் பொருளின் முன் பொறுமையாக நின்று பார்க்கப் பழகிய பார்வையாளர்களை அது தந்திருக்கிறது. கலைஞர் எந்தப் பொருளை, ஏன் அந்த ஆண்டில் எடுத்தார் என்பதை மட்டும் அது விளக்காது.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபம், இதெல்லாம் துஷாம்பும் ராஷன்பர்க்கும் போட்ட பாதைதானே என்பது. தொடர்பு மறுக்க முடியாதது. 1964 நவம்பரில் ராஷன்பர்க் டோக்கியோவின் சோகெட்சு கலை மையத்தில் மேடையேறினார். அவரிடம் கேள்விகள் கேட்பதாக ஏற்பாடு. அவரோ பதில் சொல்லாமல், ஒரு தங்கநிற மடக்குத் திரையில் டோக்கியோவில் திரட்டிய சாமான்களை ஒட்டி ஒரு படைப்பைச் செய்துகொண்டிருந்தார். ஷினொஹாரா உஷியோ, ராஷன்பர்க்கின் கோக்கா-கோலா படைப்பைப் பார்த்துத் தானே செய்த நகலை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்கர் பழைய ஜப்பானைத் தேடி எடுத்தார். ஜப்பானியர் புதிய அமெரிக்காவைத் தூக்கிவந்தார். பாதிப்பு என்பது ஓர் அனுமதியைத் தருகிறது; எதை எடுப்பது என்பதை அவரவர் தெரு தீர்மானிக்கிறது. இன்னொன்றும் உண்டு. துஷாம்பின் சிறுநீர்க் கலம் கலையாக ஒரு கண்காட்சி வேண்டும். அங்கே வைத்தால்தான் அந்தச் செயலுக்குப் பொருள். டோக்கியோ இளைஞர்களுக்குக் கண்காட்சியின் கதவு 1963க்குப் பின் சாத்தப்பட்டுவிட்டது. அவர்கள் தெருவுக்குப் போனார்கள், தெருவிலேயே நிலைத்த ஒரு பார்வையை உருவாக்கினார்கள்.

அந்தப் பார்வையை முதிரச்செய்தவரும் அகசெகவாதான். 1972இல் யோட்சுயாவில் ஒரு விடுதியின் பக்கச்சுவரில் அவர் ஒரு படிக்கட்டைக் கண்டார். ஏறிப்போனால் கதவு இல்லை. இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதன் கைப்பிடி உடைந்திருந்த இடத்தை யாரோ அண்மையில் சரிசெய்திருந்தார்கள். பயன் போய்விட்டது, பராமரிப்பு போகவில்லை. இத்தகைய பொருள்களை மாணவர்களோடு சேர்ந்து தேடித் தொகுக்க ஆரம்பித்தார். 1980களில் அவற்றுக்குத் தாமசன் என்று பெயர் வந்தது. 1986இல் கட்டட வரலாற்றாளர் ஃபுஜிமோரி தெருநோபு முதலானோருடன் தெரு நோக்கும் கழகம் ஒன்றும் பிறந்தது. சொத்து விலை வெறிபிடித்தாற்போல் ஏறி, பழைய டோக்கியோ தெருத்தெருவாக இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இந்தத் தொடரில் இதைத் திருப்புமுனையாக வைக்கிறேன். கிளிப்புக்கு ஆள் இல்லை. படிக்கட்டுக்கு ஆள் உண்டு. அதைக் கட்டியவர், ஏறியவர், கதவை அடைத்தவர், கைப்பிடியை ஒட்டவைத்தவர். பொருளை எடுத்துவரவும் இவர்கள் முயலவில்லை. படமெடுத்து, இடத்தைக் குறித்து, அங்கேயே விட்டுவிட்டார்கள்.

1990களில் சொத்துக் குமிழி உடைந்தது. மக்கள்தொகை மூத்தது, பிறகு சுருங்கவும் தொடங்கியது. 2023 வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் நாட்டில் ஆளில்லா வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. கண்டெடுக்கும் பொருள் இப்போது ஒரு வீடாகவே, ஒரு பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. 2000இல் நீகத்தா மாநிலத்து மலைக்கிராமங்களில் எச்சிகோ-த்சுமாரி கலைவிழாவைத் தொடங்கிய கிதகவா ஃபுராம், 2010இல் செத்தோ உள்நாட்டுக் கடல் தீவுகளிலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை விழாவை ஏற்பாடு செய்தார். இந்தப் பரப்பில் என்னை மிகவும் ஈர்ப்பவர் ஓதகே ஷின்ரோ. 1977இல் லண்டனில் தொடங்கி, தீப்பெட்டி அட்டை, பயணச்சீட்டு, பத்திரிகைத் துணுக்கு என்று ஒட்டி ஒட்டித் தடித்த புத்தகங்களாக்கி வருபவர். 1988இல் டோக்கியோவை விட்டு எஹிமே மாநிலத்துத் துறைமுக ஊரான உவாஜிமாவுக்குக் குடிபோனார். நாவோஷிமா தீவில் ஒரு பழைய பல் மருத்துவர் வீட்டை 2006இல் உள்ளும் புறமும் படைப்பாக்கினார். 2009இல் அங்கேயே ஒரு பொதுக் குளியலகத்தைக் கட்டினார், ஊர்க்காரர்கள் உண்மையிலேயே குளிக்கும் இடம் அது. 2016இல் பக்கத்துத் தெஷிமா தீவில், பின்னல் இயந்திர ஊசி செய்துகொண்டிருந்து மூடப்பட்ட ஆலைக்குள் மீன்பிடிப் படகு வார்ப்பதற்கான ஒரு பெரிய மர அச்சை வைத்தார். உவாஜிமாவில் ஒரு படகுப் பட்டறையில் ஒருமுறைகூடப் பயன்படாமல் பல ஆண்டுகள் கிடந்தது அந்த அச்சு. நின்றுபோன ஆலைக்குள் பிறக்காத படகு. இரண்டு ஊர்களின் தொழில் நலிவை அவர் ஒரு சொல்லும் எழுதாமல் அருகருகே வைத்துவிட்டார்.

தெஷிமா என்றதும் மிகக் கடினமான ஆட்சேபம் வருகிறது. மண்புழு வளர்ப்பு என்ற பெயரில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் 1970களிலிருந்து 1990 வரை அந்தத் தீவில் தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டி எரித்தது: நொறுக்கிய கார்களின் துகள், கழிவெண்ணெய், சேறு. தீவு மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் ககாவா மாநில நிர்வாகம் அசையவில்லை. 1990 நவம்பரில் அண்டை மாநிலமான ஹியோகோவின் காவல்துறை வந்துதான் தடுத்தது. 1993இல் மக்கள் சமரசத் தீர்ப்பு கேட்டு மனுச்செய்தார்கள். 2000 ஜூன் 6இல் ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். கழிவு நாவோஷிமாவுக்குக் கப்பலில் போய் உருக்கப்பட்டது. 2017இல் அகற்றி முடித்தபோது சுமார் 9 லட்சம் டன். 2010இல் தெஷிமாவில் உலகப் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோதும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்நிலையில், குப்பையைக் கொண்டு அழகிய கலை செய்து சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பது அந்தக் குற்றத்தைக் கழுவிவிடுவதாகாதா? பாதி ஆகும் என்றே நினைக்கிறேன். அக்கரையில் ஊனோ துறைமுகத்தில் யோதோகவா டெக்னிக் குழுவினர் 2010இல் கடற்குப்பையால் செய்த வண்ண மீனை எல்லாரும் படமெடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. பாட்டில் யாருடையது, யார் கடலில் விட்டார்கள் என்று அந்த மீன் நம்மைக் கேட்பதில்லை. ஓதகேயின் ஆலை கேட்கிறது, ஏனென்றால் அங்கே பொருளுக்கு முகவரி இருக்கிறது. எனினும் தெஷிமாவில் இந்தக் கேள்வியை முழுமையாக எழுப்புவது மக்களே நடத்தும் சிறு நினைவகம்தான். கழிவு மலையின் அடுக்குகளை வெட்டி உரித்தெடுத்த ஒரு துண்டை அவர்கள் சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். கலை என்று அதற்கு யாரும் பெயரிடவில்லை. மோனோ-ஹா காட்டிய மண்ணுருளையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது அது.

2011 மார்ச் 11இல் வந்த நிலநடுக்கமும் கடற்பேரலையும் இந்த வரலாற்றை இன்னொரு படி நகர்த்தின. கடற்பேரலை விட்டுச்சென்ற இடிபாடு மூன்று மாநிலங்களில் சுமார் 2 கோடி டன் என்று கணக்கிட்டார்கள். அதில் ஒவ்வொரு துண்டும் முந்திய நாள் வரை ஒரு வீட்டின் பகுதி. இத்தகைய பொருளை எடுக்கக் கலைஞருக்கு என்ன உரிமை? கெசென்னுமா நகரிலுள்ள ரியாஸ் ஆர்க் கலை அருங்காட்சியகம் தந்த பதில் துணிச்சலானது. அதன் பணியாளர்கள் இரண்டாண்டு அலைந்து படமெடுத்து, பொருள் திரட்டி, 2013 ஏப்ரலில் 203 புகைப்படங்களையும் 155 பொருள்களையும் நிரந்தரமாகக் காட்சிக்கு வைத்தார்கள். சோறாக்கும் மின்பாத்திரம், பொம்மை, நெளிந்த இரும்பு. சில பொருள்களுக்குக் கீழே, அவற்றின் உரிமையாளர் பேசுவதுபோல் வட்டாரப் பேச்சில் பணியாளர்களே கற்பனையாக எழுதிய குறிப்புகள். ஆவணத்தில் கற்பனையைக் கலக்கலாமா என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனால் வெறும் பாத்திரத்தை வைத்திருந்தால் அது பயங்கரத்தின் அழகாகிப் போயிருக்கும். எந்தப் பொருளும் ஆளில்லாமல் இல்லை என்பதை நினைவூட்ட, இல்லாத குரலைத் தருவதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அது சரியான தேர்வென்றே கருதுகிறேன். யமமோத்தோ நகரில் சேற்றிலிருந்து மீட்ட சுமார் 7.5 லட்சம் புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். முகம் கரைந்துபோய்த் திருப்பித்தர இயலாதவற்றைப் புகைப்படக் கலைஞர் தகஹாஷி முனேமாசா பல நகரங்களில் காட்சிப்படுத்தினார். கதோ த்சுபாசா, இவாகியில் இடிந்த வீடுகளின் மரத்தால் கலங்கரை விளக்கத்தை ஒத்த ஒரு கட்டமைப்பைச் செய்து, 2011 நவம்பர் 3இல் ஊர்மக்கள் நூற்றுக்கணக்கானோர் கயிறு பிடித்து இழுக்க, அதை எழுப்பி நிறுத்தினார். இந்த மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றே: இது யாருடையது? 1963இல் அந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை.

ஷியோதா சிஹருவை இதே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒசாகாவில் 1972இல் பிறந்து பெர்லினில் வாழ்பவர். 2015 வெனிஸ் பியனாலேயில் இரண்டு பழைய படகுகளுக்கு மேல் சிவப்பு நூல் வலையில் 50,000க்கும் மேற்பட்ட சாவிகளைத் தொங்கவிட்டார். உலகெங்கும் மக்களிடம் கேட்டுப் பெற்றவை. அவர் தெருவில் கண்டெடுக்கவில்லை, கொடுக்கச் சொல்லிக் கேட்டார். இது கண்டெடுத்த பொருள்தானா என்று கேட்கலாம். நூலும் நினைவும் சேர்ந்தால் எளிதில் உருகவைக்கலாம், இதில் வரலாறு எங்கே என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்கு, கேட்டுப் பெறுதல் என்பதே 2011க்குப் பின் வந்த மாற்றத்தின் அடையாளம் என்பேன். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. 50,000 சாவிகள் ஒன்றாகத் தொங்கும்போது அவை மீண்டும் முகமிழந்துவிடுகின்றன, நகனிஷியின் கிளிப்புகளைப் போலவே. 2019இல் டோக்கியோ மோரி அருங்காட்சியகத்தில் நடந்த அவருடைய கண்காட்சிக்கு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்தப் பெருங்கூட்டத்துக்கு அவர் கொடுத்தது ஆறுதல். கெசென்னுமா கொடுத்தது அதைவிடக் கடினமான ஒன்று.

வேறு சிலரை வேகமாகக் கடக்கிறேன். துண்டுத் துணியின் நூலைப் பிரித்து மின்கோபுரம் எழுப்பும் ஹிரோஷிமாவின் இவாசாகி தகஹிரோ, கூடையையும் பென்சிலையும் கிளிப்பையும் தரையில் பரப்பிச் சின்ன ரயிலின் விளக்கொளியில் சுவர் முழுக்க நிழல் நகரம் காட்டும் குவகுபோ ரியோதா, இறந்த தங்கைக்காக உப்பால் தரையில் கோலமெனப் பின்னி, முடிந்ததும் உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கும் யமமோத்தோ மோத்தோய் ஆகியோர் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவர்கள். மோரி யூகோ 2009 முதல் டோக்கியோ ரயில் நிலையங்களில் நீர்க்கசிவுகளைப் படமெடுத்து வருகிறார். நிலையப் பணியாளர்கள் பிளாஸ்டிக் தாள், டேப், பாட்டில், குழாய் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கசிவைப் பிடித்துத் திருப்பிவிடும் ஒட்டுவேலைகளே அவர் படங்களின் பொருள். அகசெகவாவின் கைப்பிடி ஒட்டு இங்கே நகரம் முழுவதற்குமான தொழிலாகிவிட்டது. ஒலிம்பிக் நகரம் மூப்படைந்து ஒழுகுகிறது; யாரோ ஒரு பணியாளர் தினமும் அதைத் தாங்கிப் பிடிக்கிறார். 1962இல் அழுகலும் கசிவும் வளரும் நாட்டுக்கு அவமானமாகத் தெரிந்தன. 2024இல் அவை அந்த நாட்டின் அன்றாட நிலை. வெனிஸ் அரங்கில் ஒழுகிய நீருக்கு அரசின் அனுமதி கிடைத்ததைக் கலையின் வெற்றி என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. நாடு தன்னைப் பற்றி ஒப்புக்கொண்டதும் அதில் இருக்கிறது.

ஒப்புக்கொள்ளாததும் ஒன்று இருக்கிறது. ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்தால் கதிர்வீச்சு படிந்த மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டி இடைக்காலக் கிடங்கில் சேர்த்தார்கள். 2045க்குள் அதை மாநிலத்துக்கு வெளியே இறுதியாக அகற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பொருளை எந்தக் கலைஞரும் எடுத்துவர முடியாது. சிம் பொம் கலைக் குழுவின் முயற்சியில் 2015 மார்ச் 11இல் தொடங்கிய ஒரு கண்காட்சி வெளியேற்றப் பகுதிக்குள், வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இடம் கொடுத்த கட்டடங்களில் வைக்கப்பட்டது. தடை நீங்கும்வரை பொதுமக்கள் போய்ப் பார்க்க வழியில்லாத ஏற்பாடு அது. பொருளை எடுத்து மக்களிடம் கொண்டுவருவதில் தொடங்கிய கலை, பொருள் இருக்கும் இடத்துக்கு மக்கள் போகும் நாளுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. அந்தக் கண்காட்சியில் பங்கேற்ற பன்னிரண்டு கலைஞர்களையும், வீடு கொடுத்தவர்கள் அதற்கு ஏன் சம்மதித்தார்கள் என்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.